ஓட்டை வழியே பார்த்த படங்கள்

நான் சினிமா விமர்சகன் இல்லை. கேமராக் கோணம், படத்தொகுப்பு, திரைமொழி என்று பேசுகிற நண்பர்கள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து வைத்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்துப் பழகியவன். நல்ல படம் எது, குப்பைப் படம் எது என்று தீர்ப்புச் சொல்லச் சிறுபத்திரிகைகளில் ஆட்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். எனக்குப் பேச வேண்டியது இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற படங்களைப் பற்றி. குறை இருக்குன்னு தெரியும். நம்மைக் கேவலப்படுத்துற இடமும் தெரியும். ஆனாலும் போய்ப் பார்ப்போம், சிரிப்போம், அழுவோம், அடுத்த வாரம் திரும்பவும் போவோம். அமைப்பில் சேர்ந்து நாலு புத்தகம் படித்த பிறகு, அப்படிப் பார்த்ததையே வெளியே சொல்ல வெட்கப்படுவோம். அந்த வெட்கம் தேவைதானா என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1

நாங்கள் அருந்ததியர். வீட்டில் தெலுங்கு. அப்பா கமலைக்குத் தோல் வால் தைத்துக் கொடுத்தவர். பம்புசெட்டு வந்து கமலை நின்ற பிறகு டவுனில் பஸ் ஸ்டாண்டு ஓரம் செருப்புத் தைக்கப் போனார். அம்மாவுக்கு நடவும் களையெடுப்பும். எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே பொட்டலில் ஒரு டூரிங் டாக்கீஸ், கீற்றுக் கொட்டகை. கையில் காசு இருந்தால் தரை டிக்கெட். இல்லாவிட்டால் பின்பக்கக் கீற்றில் பையன்கள் நாங்கள் பிரித்து வைத்திருந்த ஓட்டை. கொட்டகைக்காரன் பார்த்தால் அடித்து விரட்டிவிட்டு ஓட்டையை அடைப்பான். மறுநாள் வேறு இடத்தில் பிரிப்போம்.

தரை டிக்கெட்டில் சாதி எழுதியிருக்காது. ஆனால் ஊர்த்தெரு ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் எங்கள் தெருப் பெண்கள் தாமாகவே ஓரத்துக்கு நகருவார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. விளக்கு அணைந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வருவார்கள். கொட்டகையில் ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்ற மூன்று நான்கு தடவை விளக்குப் போடுவான். விளக்கு எரிந்ததும் மறுபடி ஓரம். ஒரு படம் முடிவதற்குள் எங்கள் பெண்கள் எத்தனை தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள் என்று எந்தத் திரைப்பட வரலாற்றிலும் எழுதவில்லை.

அந்தக் கொட்டகைக்கு 'மதுரை வீரன்' அடிக்கடி வரும். 1956இல் வெளியான படம். யோகானந்த் இயக்கம், கண்ணதாசன் வசனம், ஜி. ராமநாதன் இசை. எம்.ஜி.ஆர்., பானுமதி, பத்மினி. நான் பார்த்தது 1974 வாக்கில், ஒன்பது வயசில். பிரிண்ட் தேய்ந்து திரை பூராவும் மழை பெய்கிற மாதிரி கோடு. பாட்டு ஒன்று பாதியில் அறுந்து அடுத்த காட்சிக்குப் போய்விடும். அரண்மனைத் தூண்கள் அட்டை என்று எங்களுக்கே தெரிந்தது. இதெல்லாம் ஒரு குறையா? பெரிய குறை வேறு.

கதை தெரிந்ததுதான். காசி ராஜாவுக்குப் பிறந்த பிள்ளை. ஜோசியக்காரர்கள் பேச்சைக் கேட்டு அதைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். செருப்புத் தைக்கிற சின்னானும் செல்லியும் எடுத்து வளர்க்கிறார்கள். வளர்ந்தவன் பாளையக்காரன் மகள் பொம்மியைக் காதலித்துக் கட்டுகிறான், திருமலை நாயக்கனுக்காகக் கள்ளர்களை அடக்குகிறான், கடைசியில் அதே நாயக்கனால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாகிறான். எங்கள் தெருக்கோடியில் கும்பிடுகிற சாமியின் கதை. அந்தச் சாமி எங்கள் சாதியில் பிறந்தவன் என்று எங்கள் கிழவிகள் சொன்னார்கள். ராஜா வீட்டுப் பிறப்பு கதைப்பாடலில் பின்னால் ஒட்டவைக்கப்பட்டது என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்களும் வாதிட்டிருக்கிறார்கள். சக்கிலியன் பாளையக்காரன் மகளைத் தூக்கினான் என்பதை ஊர் தாங்காது. அதனால் அவன் ரத்தத்தையே மாற்றினார்கள். எம்.ஜி.ஆர். படம் அந்த ஒட்டை அப்படியே வைத்துக்கொண்டது. வீரம் ராஜாவுக்கு, வளர்க்கிற பாடு மட்டும் சக்கிலியனுக்கு.

2

இந்த விளக்கத்தை நான் முதலில் கேட்டது 1990களின் தொடக்கத்தில், ஒரு பயிற்சி முகாமில். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி ஊர் ஊராகக் கூட்டம் நடந்து, தலித் இலக்கியம் என்ற பேச்சு தமிழில் சூடு பிடித்திருந்த நேரம். எம்.ஜி.ஆர். பிம்பம் ஏழைகளை எப்படிக் கட்டிப்போட்டது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் 1992இல் வந்தது. பிற்பாடு அது தமிழில் 'பிம்பச் சிறை' ஆனது. படிக்காமலேயே அதைப் பற்றிப் பேசியவர்களில் நானும் ஒருவன்.

முகாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பாடம் எடுத்தேன். 'நீ வருஷா வருஷம் போய் அழுதியே, அந்தப் படம் நம்மள ஏமாத்துன படம். நம்ம வீரனை ராஜா வீட்டுப் பிள்ளைன்னு சொல்லி நம்மகிட்டேயிருந்து திருடிட்டாங்க.' அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. வீட்டுத் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

'பெத்தவ சோசியக்காரன் பேச்சக் கேட்டுக் காட்டுல போட்டா. எடுத்துப் பால் குடுத்து வளத்தவ செல்லி. அப்ப அவன் யாரு மகன்டா?'

நான் சும்மா இருந்தேன். அம்மா தொடர்ந்தாள்: 'ராசா மகன்னு சொன்னது அவுங்களுக்குச் சொன்னது. அவுங்களும் காசு குடுத்துத்தான வந்து உக்காந்திருக்காங்க. எனக்கு எதுக்கு அது? நான் மதுரம் அந்தப் பிள்ளைய மடியில வச்சிருக்குறதப் பாக்கத்தான் போனேன்.'

நான் பார்த்த படமும் அம்மா பார்த்த படமும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அது கத்திச் சண்டைப் படம். முகாமில் பேசியவருக்குக் கருத்தியல் மோசடி. அம்மாவுக்கு அது என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் இருக்கிற குடிசை. செருப்புத் தைக்கிறவனும் அவன் பொண்டாட்டியும் ஒரு பிள்ளையை ஆசை ஆசையாக வளர்க்கிற காட்சியை, அவர்களுக்கும் பாசம், கேலி, குசும்பு எல்லாம் உண்டு என்கிற காட்சியை, அவள் அதுவரை எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. அந்த ஜோடி நாடறிந்த நகைச்சுவை ஜோடி. சிரிக்க வைக்கத்தான் போட்டிருப்பார்கள். ஊர்த்தெருக்காரன் சிரித்தான். அம்மா அந்தச் சிரிப்புக்கு நடுவில் தன் வீட்டைப் பார்த்தாள். அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. 'செருப்புத் தைக்கிறவன் கையாடா அது? ஒரு தழும்பு இல்ல' என்பார். அதுவும் விமர்சனம்தான். நடிப்பைப் பற்றி அதைவிடக் கறாரான வார்த்தையை நான் படித்ததில்லை.

அம்மாவின் வாசிப்பைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. அவள் கடைசிவரை இரட்டை இலைக்குத்தான் போட்டாள். ஏன் என்று கேட்டால், 'செல்லி மகன்' என்பாள். பாண்டியன் சொன்ன சிறை பொய்யில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்கள் மூளையில்லாமல் இருந்தார்கள் என்று நாங்கள் முகாமில் பேசினோமே, அது பொய். சொந்தச் சாமியின் பிறப்பைத் திருடிய படத்திடமிருந்து ஒரு கிழவி அந்தப் பிள்ளையை வளர்ப்பு முறைப்படி திரும்ப வாங்கிக்கொண்டாள். அதே கையால் அந்த நடிகனுக்கு ஓட்டும் போட்டாள். இரண்டையும் சேர்த்து எழுதுகிறவனே உண்மையை எழுதுகிறான்.

3

என் முறை 1989இல் வந்தது. 'கரகாட்டக்காரன்'. கங்கை அமரன் படம், இளையராஜா இசை, ராமராஜன், கனகா. மதுரையில் ஒரு வருஷத்துக்கும் மேலே ஓடியது. அரசு விடுதியில் கூட இருந்த பையன்களோடு ஏழு தடவை பார்த்தேன். கதை என்று பெரிசாக ஒன்றும் கிடையாது. இரண்டு ஆட்டக் குழு, ஒரு காதல், ஒரு பண்ணையார்த்தனம், முடிவில் தீமிதி, அம்மன் காப்பாற்றிவிடுவாள். கரகம் ஆடுகிறவர்களுக்குச் சாதியே இல்லாத ஊர் அது. ஆட்டக்காரியை ஊர்ப் பெரிய மனுசன் எப்படிப் பார்ப்பான், மேளம் அடிக்கிறவனுக்குச் சோறு எங்கே போடுவான் என்பதை அந்தப் படத்தில் தேடினால் கிடைக்காது. எங்கள் மாமா ஒருவர் திருவிழாவுக்குப் பறை அடிக்கப் போவார். கொட்டடிக்கிறவனுக்குக் கோயிலுக்கு எத்தனை முழம் தள்ளி இடம் என்று அவருக்குத் தெரியும். படத்தைப் பார்த்துவிட்டு, 'எல்லாரும் குளிச்சிட்டு வந்து ஆடுறாங்கடா' என்று மட்டும் சொன்னார்.

ஆனாலும் ஏழு தடவை. கவுண்டமணி, செந்திலுக்காக. வாழைப்பழக் காட்சியை ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. இரண்டு பழத்துக்குக் காசு கொடுத்து அனுப்புகிறான் பெரியவன். சின்னவன் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைக் கொண்டுவந்து கொடுக்கிறான். இன்னொன்று எங்கே என்றால், அதுதான் இது என்கிறான். பஞ்சாயத்தே கூடுகிறது. அவன் பதில் மாறவில்லை.

நாங்கள் ஏன் அப்படி உருண்டு புரண்டு சிரித்தோம் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் யோசித்தேன். களத்துமேட்டில் கூலி அளக்கிறபோது அம்மா கேட்பாள், இன்னொரு படி எங்கே சாமி என்று. அதான் போட்டாச்சே, இதுதான் அது என்பான் அளக்கிறவன். எங்களுக்குப் பழகிய கணக்கு அது. படத்தில் அந்தக் கணக்கைச் சொல்கிறவன் அடி வாங்குகிற சின்னவன். கேட்டுக் கேட்டுப் பைத்தியம் பிடிக்கிறது பெரியவனுக்கு. ஒரே ஒரு காட்சியில் உலகம் தலைகீழாக நின்றது. இயக்குனர் இதை நினைத்தாரா என்றால் நினைத்திருக்க வேண்டியதில்லை. நாங்கள் சிரித்தோம்.

அதே படம் மறுநாள் காலையில் எங்களை என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். செந்திலின் நிறத்தையும் தலையையும் உடம்பையும் வைத்துக் கவுண்டமணி அடுக்குகிற வசவுகள் படத்துக்குப் படம் பெருகின. டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் வைத்திருந்த காலம். கிளாஸைக் கழுவி வைக்கக் குனிகிறபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் அந்த வசவில் ஒன்றை எடுத்து என்மேல் போட்டான். பெஞ்சே சிரித்தது. முந்தின ராத்திரி அதே வார்த்தைக்கு நான் சிரித்திருந்தேன். கோபப்பட முடியவில்லை, சினிமா டயலாக்தானே. வசவு நேற்றுவரை அவன் வாயில் சாதியாக இருந்தது, இன்றைக்குக் காமெடியாகிவிட்டது. அவனுக்கு அது வசதி. அன்று கிளாஸைக் கழுவாமல் வைத்துவிட்டு வந்தேன். எட்டாவது தடவை படத்துக்குப் போகவில்லை. ஆனால் வாழைப்பழக் காட்சி இப்போது டி.வி.யில் வந்தாலும் நின்று பார்க்கிறேன். இரண்டும் நடந்தது.

4

இந்தப் படங்களில் ஓட்டை நிறைய. கதை ஒழுங்காக இல்லை, காட்சிக்குக் காட்சி தொடர்பு இல்லை, காமெடி தனியாக ஓடும், பாட்டு தனியாக ஓடும். அந்த ஓட்டைகள் வழியாகத்தான் நாங்கள் உள்ளே போனோம், கீற்றைப் பிரித்துப் போன மாதிரி. அப்படியானால் ஓட்டையே இல்லாமல் நெய்த படம் எப்படி இருக்கும்? எனக்கு அது 'தேவர் மகன்'. 1992 தீபாவளிக்கு வந்தது. கமல்ஹாசன் எழுத்து, பரதன் இயக்கம், பி.சி. ஸ்ரீராம் கேமரா, சிவாஜி நடிப்பு. தேசிய விருதுகள் வாங்கியது. எதிலும் குறை சொல்ல முடியாது. அப்பனும் மகனும் மழை நேரத்தில் பேசுகிற காட்சியில் நானும் அசந்துதான் போனேன்.

அதில் இசக்கி என்று ஒருவன் வருவான். வடிவேலு. சின்ன எசமான் சொன்னார் என்று கோயில் பூட்டை உடைப்பான். எதிர்க்கட்சி அவன் கையை வெட்டும். பார்க்க வந்த எசமானைத் தேற்ற, இனி சாப்பிடுவதும் கழுவுவதும் ஒரே கைதான் என்று அவனே ஒரு ஜோக் சொல்வான். அரங்கமே கண்கலங்கும், எசமானுக்காக. வெட்டுப்பட்டவன் என்ன சாதி என்று படம் சொல்லாது. யாருக்காக வெட்டுப்பட்டான் என்று மட்டும் சொல்லும். மதுரை வீரனின் கையும் காலும் வெட்டப்பட்டபோது அவன் சாமியானான், எங்கள் பெண்கள் மாரடித்தார்கள். இசக்கியின் கை எசமானின் மனசு மாறப் பயன்பட்டது, அவ்வளவுதான். அந்த வெட்டுக்குள் நுழைந்து அழ எனக்கு ஒரு சந்துகூடக் கிடைக்கவில்லை.

வெளியே வந்தால் அந்தப் படத்தின் பெருமைப் பாட்டு வேனில், திருவிழாவில், எங்கள் தெரு வாசலில். சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு மெதுவாகப் போவார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த ராத்திரிகள் உண்டு. படம் எடுத்தவர்கள் வன்முறை வேண்டாம் என்றுதான் கதை சொன்னோம் என்பார்கள். கதை அப்படித்தான் முடிகிறது. வேனில் போனவனுக்குக் கதை எதற்கு?

அதே வரிசையில் வந்த 'சின்னக்கவுண்டர்', 'எஜமான்', 'நாட்டாமை' பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. துண்டு, சொம்பு, ஆலமரம், தீர்ப்பு. ஊர்விலக்கு அந்தப் படங்களில் பெரியவரின் நேர்மைக்கு அடையாளம். எங்களுக்கு அது கடையில் சாமான் கிடையாது, கிணற்றில் தண்ணீர் கிடையாது என்று அர்த்தம். அவற்றிலும் கவுண்டமணி வந்தால் சிரித்தோம். மறைக்கவில்லை.

ஆக, குறை என்பதை நான் இரண்டாகப் பிரிக்கிறேன். ஒன்று படத்துக்கு இருக்கிற குறை. மற்றது படம் நமக்குச் செய்கிற குறை. விமர்சகர்கள் முதலாவதற்கு மார்க் போடுகிறார்கள். கை தேர்ந்த படம் இரண்டாவதை இன்னும் நேர்த்தியாகச் செய்துவிடும் என்பது அந்த மார்க்கில் வருவதில்லை.

5

இத்தோடு முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். 2023 அப்படி முடிக்க விடவில்லை.

'மாமன்னன்' வந்தது. முப்பத்தோரு வருஷம் கழித்து அதே வடிவேலு. தேவர் மகன் இசக்கியை மனசில் வைத்துத்தான் இந்தப் படம் பிறந்தது என்று மாரி செல்வராஜ் மேடையில் சொன்னார். தனித்தொகுதி எம்.எல்.ஏ. ஒருவர் சாதிக்காரன் முன்னால் உட்கார முடியாமல் நிற்கிறார், மகன் அப்பாவை உட்காரச் சொல்கிறான். அந்தக் காட்சியில் நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்த பையன் 'உக்காருங்க சார்' என்றான். திரையிலும் அதே வார்த்தை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

படத்தின் பின்பாதி எனக்குத் தொய்வாகப்பட்டது. தேர்தல் பகுதி அவசரமாக ஓடியது. வெளியே வந்து சொன்னேன். கூட வந்த தம்பி முகம் சுளித்தான்: 'நம்ம ஆளு எடுத்த படம்ணே. நீங்களே குறை சொன்னா?' 'சார்பட்டா பரம்பரை'யில் கபிலன் குடித்துச் சீரழிகிற பகுதி இழுக்கிறது என்றபோதும், 'கபாலி'யில் பாதி நேரம் கொட்டாவி வந்தது என்றபோதும் இதேதான். முதல் காட்சியில் ரஜினி 'மை ஃபாதர் பாலையா' படிக்கிறாரே, அது போதாதா என்பார்கள். அந்தப் புத்தகம் ரஜினி கையில் இருந்ததைப் பார்த்து நான் விசிலடித்தேன். கொட்டாவியும் விட்டேன். எம்.ஜி.ஆர். படத்தைப் பார்த்து, 'தழும்பு இல்ல' என்று அப்பா சொன்னாரே, அந்த உரிமையை நம் படத்திடம் நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? நம் கலைஞனைப் பெரியவனாக நினைத்தால் அவனிடம் குறை சொல்லலாம். குறை சொல்லாமல் பொத்திப் பாதுகாப்பது அவனைக் குழந்தையாக்குவது.

அந்தக் குறை எங்கே போய் நின்றது என்றும் பார்த்தோம். ஜூலை கடைசியில் படம் ஓ.டி.டி.யில் வந்ததும், ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேலுவைத் துண்டு துண்டாக வெட்டி, சாதிப் பாட்டுகளைச் சேர்த்து, அவனையே நாயகனாக்கிக் கொண்டாடினார்கள். தோற்ற நாயை அடித்தே கொல்கிறவன் அவன். அவனுக்கு அழகான நிழலும் நிதானமான நடையும் படம் கொடுத்திருந்தது. அந்த வழியாக அவர்கள் உள்ளே வந்தார்கள். ஓட்டை நமக்கு மட்டும் சொந்தமில்லை. அம்மா செல்லியை எடுத்துக்கொண்ட மாதிரியே அவர்கள் ரத்னவேலுவை எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டும் ஒன்றா என்று கேட்பார்கள். செயல் ஒன்றுதான். அம்மா எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வைத்து அழுதாள். அவர்கள் எடுத்துக்கொண்டு நம் பையன்களின் செல்போனுக்கே அனுப்பினார்கள். பார்வையாளன் தன் இஷ்டத்துக்கு வாசிப்பான், அதுவே விடுதலை என்று 1990களில் நாங்கள் உற்சாகமாகப் பேசிய கோட்பாட்டுக்கு இந்த இடத்தில் கால் இடறுகிறது. எவன் வாசிக்கிறான், வாசித்துவிட்டு யார் வாசலில் போய் நிற்கிறான் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

அதனால் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரசித்த படத்தைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். எங்கே சிரித்தேன், எங்கே சிரிப்பு தொண்டையில் நின்றது, மறுநாள் அந்தச் சிரிப்பு யார் வாயில் எனக்கு எதிராகத் திரும்பி வந்தது, மூன்றையும் எழுதுங்கள். உங்கள் அம்மாக்களையும் கேளுங்கள். என் அம்மா 2011இல் செத்துப்போனாள். அன்றைக்கு முறத்தைப் புடைத்துக்கொண்டு அவள் சொன்ன நாலு வார்த்தையைத் தவிர அவள் பார்த்த நூற்றுக்கணக்கான படங்களைப் பற்றி என்னிடம் ஒன்றுமில்லை. நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை.

விளக்கு எரியும்போது ஓரமாக உட்கார்ந்த பெண்களைத்தான் மற்றவர்கள் பார்த்தார்கள். இருட்டில் நடுவுக்கு வந்து அவர்கள் பார்த்த படம் எதுவென்று அவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.